வழியில் எதையும் சேர்க்காதே

புதுக்கோட்டை
டிசம்பர் 7

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தரம் கேட்டேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இது கிளம்புவதற்கு முந்தின ராத்திரி இன்னொரு தரம் எடுத்துப் பார்க்க வேண்டிய சமாச்சாரம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அப்பாவிடம் மட்டும் காட்டாதே. ‘எங்கக்கா ரிட்டயர் ஆகியும் சர்க்குலர் விடுறா’ என்பான்.

ஜனவரிக் கடைசியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கீழடிக்கும் மதுரைக்கும் ஒரு நாள் களப்பயணமாகக் கூட்டிப்போக வேண்டும் என்கிறாய். உங்கள் ஹெச்.எம். ‘எதுக்கும்மா வம்பு’ என்று ஃபைலை ஒதுக்கி வைத்துவிட்டார். அவரைக் கோழை என்று நினைத்துவிடாதே. நம் மாவட்டத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் 2023 பிப்ரவரி 15 மறந்திருக்காது. விராலிமலைப் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளி மாணவிகள், தொட்டியம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நடந்த கால்பந்துப் போட்டிக்காக அழைத்துச் செல்லப்பட்டவர்கள், மாயனூர் கதவணைப் பக்கம் காவிரியில் இறங்கினார்கள். 4 பிள்ளைகள் முழுகிப் போனார்கள். தலைமையாசிரியர் உள்பட மூவர் சஸ்பெண்ட். அன்றிலிருந்து ‘வெளியே கூட்டிப்போனா வேலை போயிடும்’ என்பது நம் பக்கத்து ஸ்டாஃப் ரூம்களில் எழுதாத சட்டம்.

அந்தச் சட்டத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. உன் வகுப்பில் ஒரு நாள் கேட்டுப் பார்: கல்யாணம், காதுகுத்து, கோயில், ஆஸ்பத்திரி இவற்றுக்கு அல்லாமல், ஒன்றைப் பார்ப்பதற்கென்றே ஊரைத் தாண்டிப் போனவர்கள் எத்தனை பேர்? அப்பா திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போவாள், பிள்ளை அம்மாச்சி வீட்டில் வளரும். பள்ளிக்கூடம் கூட்டிப்போகாவிட்டால் அந்தப் பிள்ளையை வேறு யாரும் மியூசியத்துக்குக் கூட்டிப்போகப் போவதில்லை. பத்திரமாகக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவரத்தான் விதிகள். வீட்டிலேயே உட்கார்த்தி வைப்பதற்கு விதி எதற்கு, பூட்டுப் போதுமே.

ஹெச்.எம்.மிடம் போய் உன் ஆசையைச் சொல்லிக்கொண்டிருக்காதே. ஏற்பாட்டைச் சொல். யார் வருகிறார்கள், எந்த வண்டி, எத்தனை மணிக்கு எங்கே, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது. இது ஒரு தாளில் இருந்தால் சி.இ.ஓ. ஆபீசுக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுத அவருக்குத் தெம்பு வரும். எழுத்தில் அனுமதி வரும் வரை பிள்ளைகளிடம் தேதியைச் சொல்லாதே. வாய்மொழியாக ‘போய்ட்டு வாங்க, பாத்துக்கலாம்’ என்று எந்த அதிகாரி சொன்னாலும் அது அனுமதி இல்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. பள்ளி, கல்லூரிச் சுற்றுலாக்களில் நடந்த விபத்துகளைக் கொஞ்சம் கவனித்துப் பார். நிறைய சாவுகள், பார்க்கப் போன இடத்தில் நடக்கவில்லை. வழியில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஓர் இறங்கலில் நடந்திருக்கின்றன. 2014 ஜூன் 8 அன்று ஹைதராபாத் இன்ஜினியரிங் மாணவர்கள் இமாச்சலத்தில் மணாலி போகும் வழியில் பியாஸ் ஆற்றங்கரையில் இறங்கிப் பாறைகளில் நின்று போட்டோ எடுத்தார்கள். மேலே லார்ஜி அணையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். 24 மாணவர்களும் கூடப் போன டூர் ஆள் ஒருவரும் அடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். சரியான எச்சரிக்கை இல்லாமல் தண்ணீர் திறந்தவர்கள்தான் முதல் குற்றவாளிகள். ஆனாலும் உயர் நீதிமன்றம் இழப்பீட்டில் ஒரு பங்கைக் கல்லூரியின் தலையிலும் கட்டியது. இங்கே மாயனூரிலும் பிள்ளைகள் போனது கால்பந்து ஆட. எந்த ஊர் நிகழ்ச்சி நிரலிலாவது ‘ஆற்றில் இறங்குதல், 15 நிமிடம்’ என்று எழுதி மேலிடத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்களா?

சேர்த்துக்கொண்ட இடம் ஏன் ஆபத்து என்றால், அதை முன்கூட்டி யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். எந்த ஆசிரியர் எங்கே நிற்பது என்று பிரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வந்த வேலை முடிந்தது என்று பெரியவர்களுக்கு ஓர் ஆசுவாசம் வந்திருக்கும், டீ குடிக்க ஒதுங்குவார்கள். பிள்ளைகளுக்கோ அப்போதுதான் ‘டூர்’ ஆரம்பிக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் அந்தக் கால் மணி நேரத்துக்குப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை.

ஆகவே உனக்கு நான் தரும் முதல் விதி இது. வழியில் குறைக்கலாம், சேர்க்கக் கூடாது. நேரமாகிவிட்டதா, மதுரையில் ஓர் இடத்தை விட்டுவிடு, யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். ஆனால் பட்டியலில் இல்லாத ஒரு நிறுத்தம் கூட வேண்டாம். கோயிலாக இருந்தாலும் வேண்டாம். டிரைவர் அண்ணன் சொல்வார், ‘டீச்சர், அழகர்கோயில் இங்கனதான், போற வழிதானே’. கூட வரும் டீச்சருக்குப் பிள்ளையார்பட்டியில் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கும். பிள்ளைகள் பஸ் முழுக்கக் கோஷம் போடுவார்கள். அந்த நேரத்தில் உன் மன உறுதியை நம்பாதே. முன்கூட்டியே வாசலை அடைத்து வை. நேரத்தோடு எழுதிய வழிப்பட்டியலைப் பெற்றோர் கையில் ஒன்று, பள்ளியில் ஒன்று, டிரைவர் கண்ணாடிப் பக்கத்தில் ஒட்டியது ஒன்று என்று கொடுத்துவிடு. ‘பேரண்ட்ஸ்கிட்ட இப்படித்தான் சொல்லியிருக்கோம்ணே’ என்றால் எந்த டிரைவரும் மறுபேச்சுப் பேச மாட்டார்.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. பட்டியலிலேயே தண்ணீர் வேண்டாம். 2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தில் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்குப் போன பள்ளிப் பிள்ளைகள் 15 பேரும் ஆசிரியர்கள் 3 பேரும் பெரியாற்றில் படகோடு போனார்கள். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 பிள்ளைகள், 2 ஆசிரியைகள். இரண்டிலும் படகில் அளவுக்கு மேல் ஆள். ஹர்ணியில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லை. 2024 டிசம்பரில் கர்நாடகத்தில் கோலார் மாவட்டத்து அரசு உறைவிடப் பள்ளி மாணவிகள் 4 பேரை முருடேஸ்வரத்தில் கடல் கொண்டுபோனது. ஆசிரியர் கூடவே நிற்பது தண்ணீரில் பாதுகாப்பே இல்லை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். நீச்சல் தெரிந்த ஒருவர் ஒரு பிள்ளையை இழுக்கலாம். ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நாலு பிள்ளை போகும்போது என்ன செய்வார்?

நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கண்மாயில் எருமை முதுகைப் பிடித்துக்கொண்டே நீந்தக் கற்றவர்கள். ‘எனக்கு நீச்சல் தெரியும் டீச்சர்’ என்பார்கள், பொய்யில்லை. ஆனால் தேங்கிய தண்ணீரில் கற்ற நீச்சல் ஓடுகிற தண்ணீருக்கு உதவாது. வைகையைப் பார்த்தால் மணலும் சீமைக்கருவேலமுமாகத்தான் தெரியும். மணல் அள்ளிய பள்ளத்தில் இடுப்பளவு என்று நினைத்துக் கால் வைத்தால் ஆள் உயரம் இருக்கும். கீழடியிலிருந்து மதுரைக்குள் போகும்போது பாலத்தில் பஸ்ஸை நிறுத்தாதே. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்து வண்டி. 2022 அக்டோபர் 5 ராத்திரி பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் நடந்ததை நீ படித்திருப்பாய். எர்ணாகுளம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பிள்ளைகள் ஊட்டிக்குப் போன டூரிஸ்ட் பஸ், முன்னால் போன அரசு பஸ்ஸின் பின்பக்கத்தில் மோதியது. மாணவர்கள் 5 பேர், ஓர் ஆசிரியர், அரசு பஸ்ஸில் இருந்த 3 பேர், ஆக 9 உயிர். டூரிஸ்ட் பஸ் டிரைவர் மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கிறார். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் கை வைத்திருக்கிறார்கள். அந்த டிரைவர் வேளாங்கண்ணி டிரிப் முடித்துவந்த கையோடு தூக்கமில்லாமல் இந்த வண்டியை எடுத்தார் என்று பெற்றோர் அப்போது சொன்னார்கள். வண்டிக்கு வெளியே வர்ண விளக்கு, உள்ளே பாட்டு, எல்லாம் பிரமாதமாக இருந்திருக்கும். உன் மாணவர்களும் அப்படி ஒரு பஸ்தான் கேட்பார்கள்.

நீ பார்க்க வேண்டியது எஃப்.சி. எந்தத் தேதி வரை, பர்மிட் என்ன வகை, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, டிரைவரின் லைசென்ஸ், பேட்ஜ். ஓனர் ‘எல்லாம் கரெக்டா இருக்கும்மா’ என்பார். ஜெராக்ஸ் வாங்கிக்கொள். நகலில் இருக்கும் வண்டி நம்பரும் காலையில் வாசலில் வந்து நிற்கும் வண்டி நம்பரும் ஒன்றா என்றும் பார்த்துவிடு. கடைசி நேரத்தில் ‘அது சர்வீஸ்ல இருக்கு’ என்று வேறு வண்டியை அனுப்புவது இந்தத் தொழிலில் சகஜம். அப்படி வந்தால் அந்த வண்டியின் பேப்பர் கைக்கு வரும் வரை ஒரு பிள்ளையும் ஏறக் கூடாது. முந்தின ராத்திரி டிரைவர் எங்கே தூங்கினார் என்று கேள். நான் ஹெச்.எம்.மாக இருந்தபோது முந்தின சாயங்காலமே வண்டியைப் பள்ளிக்கு வரச் சொல்லி, டிரைவருக்கு ராத்திரிச் சாப்பாடும் பாயும் கொடுத்துப் படுக்க வைப்போம். வாட்ச்மேன் சிரிப்பார். சிரிக்கட்டும்.

ராத்திரிப் பயணம் கிடையவே கிடையாது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஏழு மணிக்குள் திரும்பிவிடலாம். சீட் கணக்கில் ஆசிரியர்களையும் சேர். இரண்டு பேர் சீட்டில் ‘சின்னப் பிள்ளைகதானே’ என்று மூன்று பேரை உட்கார வைக்காதே. அதே போல, போட்டிகளுக்குக் குட்டியானையில் பிள்ளைகளை நிற்க வைத்துக் கூட்டிப்போகும் பழக்கம் உங்கள் வட்டாரத்தில் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல். சரக்கு வண்டி கவிழ்ந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். பக்கத்துத் தனியார் பள்ளி பஸ் சனிக்கிழமை சும்மா நிற்கிறது, டீசல் மட்டும் போட்டால் போதும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அந்தப் பர்மிட் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்காமல் தொடாதே.

தேதி குறிக்கும் முன் தைப்பூசம் என்றைக்கு என்று காலண்டரைப் பார். அதற்கு முந்தின பத்து நாள் காரைக்குடி, திருப்பத்தூர் ரோடெல்லாம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள். விடியற்காலை இருட்டில் அந்த ரோட்டில் பஸ் ஓட்டுவது யாருக்கும் நல்லதில்லை. போகிற இடத்துக்கு வார விடுமுறை என்றைக்கு என்றும் போன் போட்டுக் கேள். எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை திறக்காது, வண்டலூர் பூங்கா செவ்வாய்க்கிழமை திறக்காது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கிழமை. பூட்டிய வாசலில் போய் நிற்கும்போதுதான் ‘சரி, வேற எங்கயாச்சும் போவோம்’ என்ற யோசனை பிறக்கும்.

ஒப்புதல் படிவத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாய். உங்கள் ஆபீஸ் பீரோவில் பல வருஷமாக இருக்கும் மாதிரி போலிருக்கிறது. கடைசி வரியில், பயணத்தில் என் மகன்/மகளுக்கு எது நேர்ந்தாலும் பள்ளி பொறுப்பல்ல என்று இருக்கிறது. அதை முதலில் அடி. அதற்குக் காலணா மதிப்பில்லை. பிள்ளையை நாம் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமையை அதன் அம்மா கைநாட்டு வைத்துத் தள்ளுபடி செய்ய முடியாது. அஜாக்கிரதையால் உயிர் போனால் முன்பு இ.பி.கோ. 304-ஏ, இரண்டு வருஷம் வரை ஜெயில். 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, ஐந்து வருஷம் வரை. அந்தக் கேஸில் உன் படிவத்தை யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதைவிட, அந்த வரியைப் படித்த தாய்க்கு வயிற்றில் புளி கரைக்கும், கையெழுத்துப் போடவே யோசிப்பாள்.

அந்த இடத்தில் உனக்கு உபயோகமானதைக் கேள். வலிப்பு உண்டா, வீசிங் உண்டா, தினமும் மாத்திரை சாப்பிடுகிறதா, எது சாப்பிட்டால் உடம்பு தடிக்கும், பஸ்ஸில் வாந்தி வருமா. இரண்டு போன் நம்பர். ராத்திரி கூட்டிப்போக யார் வருவார்கள். இதைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பினால் பாதி அதுவே நிரப்பி, அதுவே கையெழுத்தும் போட்டுக்கொண்டு வரும். நமக்குத் தெரியாததா! பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தோடு சேர்த்து ஒரு சாயங்காலம் பெற்றோரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்துக் காட்டு. வராதவர்களை நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பார். அங்கே மரத்தடியில் உட்கார்ந்து பேசினால் பிள்ளையைப் பற்றி உனக்குத் தெரியாத பத்து விஷயம் தெரியவரும்.

காசு விஷயம் நுட்பமானது. அரசுத் திட்டத்தில் நிதி வந்தால் சரி. தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்க நேர்ந்தால், கொடுக்க முடியாத பிள்ளை ஒருநாளும் ‘காசில்லை’ என்று சொல்லாது. ‘அம்மா வேணாம்னுச்சு’, ‘எனக்கு பஸ்ஸு ஒத்துக்காது’, ‘அன்னைக்கு எங்க மாமா வீட்ல விசேஷம்’. இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லும். அந்தப் பேர்களைக் குறித்துவைத்துக்கொண்டு பி.டி.ஏ.விலோ பழைய மாணவர்களிடமோ பேசு. வகுப்பில் வைத்துப் பணம் வாங்காதே, யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே பெரிய சேட்டைக்காரனை விட்டுவிட்டுப் போகலாம் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு யோசனை வரும். அவனைக் கட்டாயம் கூட்டிப்போ, உன் பக்கத்து சீட்டில் உட்கார வை, முதலுதவிப் பெட்டியை அவன் பொறுப்பில் கொடு. காலிபர் போட்டு நடக்கும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பற்றிக் கேட்டாய். வருவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டியது அவனும் வீட்டாரும், நாம் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு உள்ள உரிமை அவனுக்கும் உண்டு என்று 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டமே சொல்கிறது. சாய்தளம் எங்கே, சக்கர நாற்காலி கிடைக்குமா என்று போனில் கேட்டுக்கொள்.

முன்னோட்டம் போகாமல் பயணம் போகாதே. குறைந்தது பத்து நாள் முன்னால் ஒரு சனிக்கிழமை அதே வழியில் போய்வா. மியூசியத்தை அன்றைக்குச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதே. கக்கூஸைப் பார். எத்தனை அறை, தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, உள்ளே குப்பைக்கூடை இருக்கிறதா. நான் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மதியம் வெயிலில் ஒரு பெண்பிள்ளை மயங்கி விழும். ‘காலையில சாப்பிடலையா’ என்று எல்லோரும் கேட்பார்கள். சாப்பிட்டிருக்கும், தண்ணீர்தான் குடித்திருக்காது. எங்கே ஒதுங்குவது என்று தெரியாது, பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கம். அதனால் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்திருக்கும். கிளம்பும்போதே எத்தனை மணிக்கு எங்கே நிற்போம் என்று மைக் இல்லாவிட்டாலும் உரக்கச் சொல்லிவிடு, பாட்டிலைத் தைரியமாகத் திறப்பார்கள். இருபத்தைந்து பெண்பிள்ளைகள், மூன்று அறை, ஆளுக்கு மூன்று நிமிஷம் என்றால் இருபத்தைந்து நிமிஷத்துக்குக் குறையாமல் ஆகும். உன் நேரப்பட்டியலில் அது ‘10 நிமிடம்’ என்று இருக்கிறது. ஆண் வாத்தியார்கள் போடும் பட்டியல் எல்லாம் இப்படித்தான் இருக்கும், நீயுமா? நாப்கின் யார் பையில் இருக்கிறது என்று பெண்பிள்ளைகளிடம் முதல்நாளே சொல்லிவிடு.

சாப்பாடு புளிச்சாதம் போதும். விடிகாலையில் கட்டிய தயிர்ச்சாதமும் அவித்த முட்டையும் மதியம் வரை பஸ் சூட்டில் தாங்காது.

எண்ணிக்கையில் கவனம். நம் பிள்ளைகள் போட்டிருப்பது தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் போடும் அதே சீருடை. கீழடியில் அன்றைக்கு இன்னும் நாலு பள்ளி வந்திருக்கும், எல்லாப் பிள்ளையும் ஒரே நிறம். தலையை எண்ணினால் கணக்குச் சரியாக இருக்கும், ஆனால் அதில் ஒன்று சிவகங்கைப் பிள்ளையாக இருக்கும். நம் பிள்ளை அந்த பஸ்ஸில் இருக்கும். கையில் ஒரே நிற ரிப்பன் கட்டு. பேரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து டிக் அடி. ஒவ்வொரு முறை பஸ் நகர்வதற்கு முன்னாலும் அடி. ஐ.டி. கார்டில் வெளியே தெரியும்படி பள்ளிப் பேரும் இரண்டு செல் நம்பரும் போதும். பிள்ளை பேரைப் பெரிதாக எழுதித் தொங்கவிடாதே. பேர் சொல்லிக் கூப்பிடும் எந்த மூன்றாம் மனிதனையும் பிள்ளை நம்பிவிடும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடு.

பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு, அதற்கு மேல் கூடுதலாக ஒருவர். ஒரு பிள்ளைக்கு 108இல் ஏற வேண்டி வந்தால் ஒருவர் கூடப் போய்விடுவார், மிச்சப் பிள்ளைகளுக்கு ஆள் குறையக் கூடாது. திருப்புவனம் அரசு ஆஸ்பத்திரி, மதுரை இராஜாஜி ஆஸ்பத்திரி நம்பர்களைத் தாளில் எழுதி வை, செல்லில் சார்ஜ் போய்விடும். பெண் ஆசிரியைகள் இரண்டு பேருக்குக் குறையாமல் வர வேண்டும்.

இதைச் சொல்லும்போது சங்கடமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பெரியவரும், கைடோ கிளீனரோ நம் சகாவோ யாராக இருந்தாலும், ஒரு பிள்ளையைத் தனியாக எங்கும் கூட்டிப்போகக் கூடாது. எல்லோருக்கும் ஒரே விதி என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தமிருக்காது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி உள்ளே நுழைந்தவர்கள் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமை ஞாபகம் இருக்கும். விஷயம் தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். யாராவது வந்து ‘நாங்க எல்லாத்தையும் பாத்துக்கறோம், பிள்ளைகளை மட்டும் அனுப்புங்க’ என்றால் அடையாள அட்டையைப் பார்த்து நிற்காதே, அந்த அமைப்பின் ஆபீசுக்கே போன் போடு. ஒரு பிள்ளை உன்னிடம் வந்து ஏதாவது சொன்னால், ஊர் திரும்பட்டும், ஹெச்.எம். வரட்டும் என்று வைத்துக்கொள்ளாதே. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதே குற்றம். 1098க்கும் கூப்பிடலாம். பள்ளி பேர் கெட்டுவிடும் என்று உன் காதில் ஓதுகிறவர்கள் உனக்காகக் கோர்ட்டுக்கு வர மாட்டார்கள். போட்டோவும் அப்படித்தான். பள்ளி ஆவணத்துக்கு எடு, யாருடைய ஸ்டேட்டஸிலும் பிள்ளைகள் முகம் வர வேண்டாம்.

இவ்வளவு படித்ததும் உனக்கு அலுப்பு வந்திருக்கும், பாடம் எங்கே போனது என்று கேட்பாய். பாடமே ஒரு காவல்தான் கயல். பார்க்க ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் கொண்டுபோய் இறக்கிவிட்ட பிள்ளைதான் சுவரேறும், கம்பித் தடுப்பைத் தாண்டும். ஒரு வாரம் முன்னாலேயே வகுப்பில் கீழடியை ஆரம்பி. 2023 மார்ச்சில் திறந்த அந்த மியூசியம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியது. முற்றத்தையும் தூணையும் பார்த்ததும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். ‘உங்கள் அம்மாச்சி வீட்டில் இருக்கும் பொருள் எது எது உள்ளே இருக்கிறது, கண்டுபிடி’ என்று ஒரே ஒரு கேள்வி கொடு. உறைகிணறு, நூல் நூற்கும் தக்களி, பகடைக்காய், பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லு. பாண்டி ஆட இன்றைக்கும் நம் பிள்ளைகள் ஓட்டைத் தேய்த்துத்தானே சில்லு செய்கிறார்கள்? கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று தொல்லியல் துறை சொல்லும் காலம் அந்தச் சில்லைப் பார்த்த பிறகு வெறும் எண்ணாக இருக்காது. பானை ஓட்டில் கீறிய தமிழி எழுத்தில் ‘ஆதன்’ என்ற பேரைத் தேடச் சொல். அரை மணி நேரத்துக்கு ஒரு பிள்ளை நகராது.

மதுரையில் ஒரே இடம் போதும் என்பது என் அபிப்பிராயம். நாயக்கர் மகாலும் காந்தி மியூசியமும் இரண்டும் வேண்டாம். காந்தி மியூசியத்துக்கே போ. ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்தது, காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி அங்கே இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் முன்னால் சத்தம் போட மாட்டார்கள். மகாலை ஆறாம் வகுப்புக்கு அடுத்த வருஷம் வைத்துக்கொள்.

திரும்பி வந்ததும் உன் வேலை முடியவில்லை. படிவத்தில் எழுதிய ஆள் வந்தால்தான் பிள்ளையை அனுப்பு. ‘நான் இவ சித்தப்பா, நான் கூட்டிட்டுப் போறேன்’ என்றால் வீட்டுக்குப் போன் போட்டுக் கேள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கடைசி பஸ் போய்விட்ட ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று முன்கூட்டியே யோசித்து வை. உன் ஸ்கூட்டியில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு இருட்டில் கிளம்பாதே.

பஸ்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் எஃப்.சி., இன்சூரன்ஸ் காப்பியை எனக்கும் அனுப்பு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். முன்னோட்டத்துக்கு வரும் சனிக்கிழமை போகிறாயா, அதற்கடுத்த வாரமா? அடுத்த வாரம் என்றால் எனக்கு மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் செக்கப் இருக்கிறது. மாட்டுத்தாவணியில் காத்திரு, கீழடிக்குச் சேர்ந்தே போவோம். உன் அம்மாவிடம் எனக்கும் சேர்த்து மதியத்துக்குக் கட்டித் தரச் சொல், காரம் கம்மியாக.

அன்புடன்,
அத்தை